பழைய உத்தரவும் புதிய தண்டலும்

மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போவை நோக்கி இறங்கும் லாரிக்காரர்களுக்கு ஒரு காலத்தில் ஜெலாப்பாங் என்றாலே டோல் சாவடிதான். நீண்ட இறக்கம், இறக்கம் முடியும் இடத்தில் சாலையை மறித்துக்கொண்டு சாவடி. பிரேக் சூடேறிப்போன லாரி நிற்காமல் வந்து வரிசையில் மோதியது என்று கேள்விப்படுவது எங்கள் வட்டாரத்தில் புதிதல்ல. 2009இல் அந்தச் சாவடியை எடுத்துவிட்டார்கள். போகிற வழியில் எல்லாரையும் நிறுத்திக் காசு கேட்பதை விட்டு, நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் ஒரு பதிவு, இறங்கும் இடத்தில் ஒரு கணக்கு என்று ஆக்கினார்கள். கட்டணம் போகவில்லை, கேட்கும் இடம்தான் மாறியது.

கணினி வலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன் நான். அந்தப் பக்கம் வண்டி ஓட்டும்போதெல்லாம் என் தொழில்தான் நினைவுக்கு வரும். பெரிய வலையை நிர்வகிப்பதில் முப்பது நாற்பது ஆண்டுகளாக ஓடும் வழக்கும் இதுவே. நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்பதா, அந்தந்த இடத்தில் ஒரு மென்பொருள் முகவரை வைத்து அதன் பொறுப்பில் விடுவதா? இப்போது செயற்கை நுண்ணறிவைப் பூசி அந்த முகவரை மறுபடியும் விற்க வருகிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் வலை தன்னைத் தானே கவனித்துக்கொள்கிறது, தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. மனிதன் ஓரமாக நின்று காப்பி குடிக்கிறான். அதை அப்படியே நம்பவும் வேண்டாம், கேலி பேசித் தள்ளவும் வேண்டாம். பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சொல்லில் உள்ள குழப்பம். 1988இல் வெளிவந்து 1990 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1157 என்ற ஆவணமாக நிலைபெற்ற எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில் 'ஏஜண்ட்' என்ற சொல் ஏற்கெனவே உண்டு. ரவுட்டருக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் குடியிருக்கும் சிறு நிரலுக்கு அந்தப் பெயர். பெயர்தான் ஏஜண்ட்; குணத்தில் கேட்டால் மட்டும் வாய் திறக்கும் பிள்ளை. நடுவில் இருக்கும் மேலாளர் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து எத்தனை பொட்டலம் போனது, எத்தனை வழியில் விழுந்தது என்று கேட்கும். இது எண்ணைச் சொல்லும். மிஞ்சிப்போனால் 'டிராப்' என்ற பெயரில் ஓர் அபயக்குரல் கொடுக்கும். அந்தக் குரல் போய்ச் சேர்ந்ததா என்பதுகூட அதற்குத் தெரியாது.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தண்டலாக, அதாவது ஆட்களை மேற்பார்ப்பவராக, இருந்தவர். தோட்டம் இப்போது தாமான் ஆகிவிட்டது. அதை வைத்துச் சொன்னால் இந்த விஷயம் எளிதில் பிடிபடும். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் படிப்பார். எஸ்.என்.எம்.பி. அந்தப் பெரட்டு மாதிரி. யார் வந்தார், யார் வரவில்லை என்பது வரை சரி. மலைச்சரிவின் கடைசி நிரையில் இரவு மழை பெய்து பட்டை நனைந்து கிடக்கிறதா என்பது களத்தில் நின்றால் தெரியாது. ஈரப் பட்டையில் உளி வைத்தால் பால் மங்கில் விழாது, மரத்தைச் சுற்றி வழிந்தோடும். போய் மரத்தைத் தொட்டுப் பார்த்து, 'கொஞ்சம் காயட்டும், பொறு' என்று சொல்ல அங்கேயே ஓர் ஆள் வேண்டும். துரையிடம் ஓடி வந்து கேட்டுவிட்டுத் திரும்பினால் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் பால் இறங்காது.

முகவர் வேண்டும் என்பவர்களின் நியாயம் முழுவதும் இந்தத் தண்டலுக்குள் அடங்கும். 1991இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யெச்சியம் யெமினி, ஜெர்மன் கோல்ட்ஸ்மிட் முதலியோர் முன்வைத்த 'ஒப்படைத்து நிர்வகித்தல்' இதுதான். கருவியிடம் எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்காதே. எதைப் பார்க்க வேண்டும், எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற நிரலையே அங்கே அனுப்பி வை. நல்ல யோசனை. இன்றும் நல்ல யோசனைதான்.

பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. நிரல் ஓரிடத்தில் தங்கினால் எப்படி, ஊர் ஊராகப் போக வேண்டாமா என்றார்கள். ஜெனரல் மேஜிக் நிறுவனத்தின் டெலிஸ்கிரிப்ட், ஐ.பி.எம்.மின் தோக்கியோ ஆய்வகத்தில் பிறந்த ஆக்லெட்ஸ் எல்லாம் 1990களின் குழந்தைகள். நிரல் தன் நினைவையும் சுமந்துகொண்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அங்கங்கே வேலையை முடித்து, விடையோடு வீடு திரும்பும். இதனால் வலையில் நெரிசல் குறையும் என்பது முதல் வாக்குறுதி.

அதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, அந்தக் காலத்துக்கு ஒத்து வருபவை. 64 கிலோபிட் வாடகைக் கம்பியில் தொங்கும் ஒரு கிளை அலுவலகம், அதற்குள் பத்துக் கருவி. ஒவ்வொன்றிடமும் ஐம்பது எண் கேட்க வேண்டும்; ஒரு கேள்வியும் அதன் பதிலும் சேர்ந்து 200 பைட். ஒரு சுற்றுக்கு ஒரு லட்சம் பைட் ஆகிறது. அந்தக் கம்பி ஐந்து நிமிடத்தில் 24 லட்சம் பைட்தான் சுமக்கும். ஆக, நூற்றுக்கு நான்கு பங்கைப் பெரட்டே தின்றுவிடுகிறது. இப்போது 20,000 பைட் எடையுள்ள அலையும் முகவரை அனுப்புவோம். ஒவ்வொரு கருவியிலும் 1,000 பைட் சேர்த்துக்கொள்கிறது என்று வைப்போம். கம்பி வழியே போகும்போது 20,000, திரும்பும்போது 30,000, மொத்தம் 50,000. பாதிக்குப் பாதி மிச்சம். சபாஷ் என்று சொல்லத் தோன்றும்.

அதே பத்துக் கருவியைப் பத்து ஊரில் வைத்துப் பாருங்கள். முகவர் ஊருக்கு ஊர் தாவும்போதெல்லாம் தன் உடம்பையும் இதுவரை சேர்த்த மூட்டையையும் தூக்கிக்கொண்டே போகிறது. பதினொரு தாவல், கூட்டினால் 2,75,000 பைட். சும்மா கேட்டிருந்தால் ஒரு லட்சத்தில் முடிந்திருக்கும். ஆனால் அலையாமல் அங்கேயே தங்கும் முகவரை ஒரு தடவை அனுப்பிவிட்டால், அதன் பிறகு ஏதாவது எல்லை மீறினால் மட்டும் நூறு இருநூறு பைட் வரும். இத்தாலியின் பால்டி, பிக்கோ இருவரும் 1998இல் இந்த மாதிரிக் கணக்கை முறையாகப் போட்டு, எல்லா வலைக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது, அமைப்பைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்று எழுதினார்கள். அந்தத் துறையில் வந்த நேர்மையான கட்டுரைகளில் அதுவும் ஒன்று. பிறகு வீட்டு வாசல் வரை கண்ணாடி இழை வந்தது. 100 மெகாபிட் இணைப்பில் அந்த ஒரு லட்சம் பைட் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. நெரிசல் குறையும் என்ற வாதத்தைத் தோற்கடித்தது எந்த ஆய்வாளரும் இல்லை, இழைதான்.

ஊரார் நிரல் தன் ரவுட்டருக்குள் வந்து ஓடிவிட்டுப் போக எந்த நிறுவனம் சம்மதிக்கும் என்ற கேள்விக்கும் அலையும் முகவரின் ஆதரவாளர்களிடம் பதில் இல்லை. கணினிக்குக் கணினி தாவி ஓடும் நிரலுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: புழு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ஜான் ஷாக்கும் ஜான் ஹப்பும் நல்ல நோக்கத்தோடுதான் அதைச் செய்தார்கள். ஓர் இரவு ஓட விட்டுப் போனார்கள். காலையில் கட்டடம் முழுக்கச் செத்துக் கிடந்த கணினிகள் சுமார் நூறு. 1982இல் அவர்களே அதை எழுதினார்கள். 1999இல் ஆக்லெட்ஸ் படைத்த லாங்கேயும் ஓஷிமாவும் அலையும் முகவர்களுக்கு ஏழு நல்ல காரணம் சொல்லிக் கட்டுரை எழுதினார்கள். 2004இல் ஜியோவானி விக்னா அவை தோற்றதற்குப் பத்துக் காரணம் எழுதினார். ஐந்து ஆண்டில் கணக்கு நேராகிவிட்டது. எறும்புகளைப் பார்த்துச் செய்த முகவர்களும் வந்தன. டி காரோ, டோரிகோ இருவரின் ஆன்ட்நெட் 1998இல் வந்தது. படிக்க அழகு. வணிக வலைகளில் வேர் பிடிக்கவில்லை.

ஆகவே அலைந்த முகவர் தோற்றது, தங்கிய முகவர் வென்றது என்று வழக்கின் முதல் பாதியைத் தள்ளிவிடலாம். இரண்டாம் பாதிதான் கடினம். தங்கிய முகவருக்குக் கண் மட்டும் கொடுப்பதா, கையும் கொடுப்பதா?

கை கொடுக்காமல் வலை ஓடாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு வலையில் ஓர் இழை அறுந்தால் 50 மில்லிநொடிக்குள் போக்குவரத்தை மாற்றுப் பாதைக்குத் திருப்ப வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. கண் இமைக்க அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். யாரையும் எழுப்பி அனுமதி கேட்க முடியாது. சொல்லப்போனால் ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையைத் தீர்மானிப்பதே மென்பொருள் முகவர்களின் மூத்த வெற்றி. இணையம் நிற்பது அதன் மேல்தான்.

அந்த மூத்த வெற்றிதான் மூத்த விபத்தும். 1980 அக்டோபர் 27, இணையத்தின் தாயான அர்பாநெட் சில மணி நேரம் முழுவதுமாகப் படுத்தது. அதன் கணுக்கள் ஒன்றுக்கொன்று நிலைச் செய்தி அனுப்பும். எது புதிய செய்தி எது பழையது என்று அறிய ஒவ்வொன்றிலும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண் இருக்கும். 63க்குப் பிறகு மறுபடி 0. கடிகார முள் போலச் சுற்றுவதால், எண் பெரியதா என்று பார்த்தால் போதாது. எந்தப் பக்கமாகப் போனால் தூரம் குறைவு என்று பார்த்து முடிவு செய்வார்கள். பழுதான ஒரு வன்பொருள் சில பிட்டுகளை விழுங்கியதால் ஒரே கணுவின் பெயரில் 44, 40, 8 என்று மூன்று செய்தி உலவின. விதிப்படி 40ஐவிட 44 புதியது. 8ஐவிட 40 புதியது; இரு பக்கமும் தூரம் சமம் என்றால் பெரிய எண்ணே புதியது என்பது விதி. சுற்றிக்கொண்டு போனால் 44ஐவிட 8 புதியது. கையால் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கணுவும் வந்ததை 'அட, புதுச் செய்தி' என்று வாங்கி அண்டையாருக்கு அனுப்பியது; அந்தச் சுழல் நிற்கவே இல்லை. கடைசியில் அந்தக் கணுவின் செய்தியைக் கேட்காதே என்று மனிதர்கள் எல்லாக் கணுவிலும் ஒட்டுப் போட்டுத்தான் மீட்டார்கள்.

45 ஆண்டு கழித்து, 2025 தீபாவளி. அக்டோபர் 20, மலேசிய நேரம் பிற்பகல் 2.48. வீட்டுக்கு வந்தவர்கள் கை கழுவிக்கொண்டிருந்த நேரம், அமேசானின் வடக்கு வெர்ஜீனியா வட்டாரத்தில் டைனமோடி.பி. என்ற தரவுச் சேவையின் முகவரி, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் டி.என்.எஸ். ஏட்டிலிருந்து மறைந்தது. ஸ்னாப்சாட், ரோப்லாக்ஸ் என்று உலகெங்கும் சேவைகள் தடுமாறின. நம் நேரம் 5.25க்கு ஏடு சரியானது. தொடர்விளைவுகள் அடங்க மறுநாள் விடிகாலை ஆனது. பின்னர் அமேசானே காரணத்தை விளக்கி எழுதியது. முகவர்களைப் பற்றி யோசிக்கும் எவரும் அதைப் படிக்க வேண்டும்.

அங்கே ஒரு முகவர் திட்டம் எழுதும். அதை ஏட்டில் ஏற்ற மூன்று முகவர்கள், மூன்று தனி இடங்களில். ஒன்று படுத்தாலும் இன்னொன்று செய்யும் என்பதற்காகத்தான் மூன்று. அன்று அவற்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக மெதுவாக நகர்ந்தது. கையில் இருந்தது பழைய திட்டம். 'ஏட்டில் உள்ளதைவிட இது புதியதுதானா' என்று புறப்படும்போது பார்த்தது, அப்போது புதியதுதான். வழியில் நேரம் கடந்தது. அதற்குள் இரண்டாவது முகவர் பல தலைமுறை புதிய திட்டத்தை ஏற்றி முடித்து, பழைய திட்டங்களைக் கூட்டித் தள்ளத் தொடங்கியது. அந்நேரம் பார்த்து மெதுவானது வந்து, புதியதன் மேல் பழையதை எழுதியது. கூட்டித் தள்ளும் கை, 'இது மிகப் பழசு' என்று அதை அழித்தது. ஏடு காலி. அந்த நிலையிலிருந்து எந்த முகவராலும் அதைத் திருத்த முடியவில்லை. மனிதர் வந்து கை வைக்க வேண்டியதாயிற்று.

இதில் எந்த முகவரும் விதி மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னும் கொஞ்சம் புத்தி இருந்திருந்தால் தப்பித்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் மரங்கள் உண்டு. எந்த வெளியில் இன்று வேலை என்று கிராணி சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒரு முறை, அப்பாவோடு வேலை பார்த்த தண்டல் ஒருவர் பையில் கிடந்த முந்தின நாள் சீட்டை எடுத்துப் பார்த்து ஆட்களை அனுப்பிவிட்டார். நேற்று வெட்டிய மரத்தை இன்றும் வெட்டினார்கள். அவர் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. சீட்டில் தேதி இல்லை, அவ்வளவுதான். அப்பா அதன் பிறகு தேதி போடாத சீட்டை வாங்கவே மாட்டார். கிராணி முகம் சுளித்தாலும் திருப்பிக் கொடுப்பார்.

அடுத்தது எட்டும் தூரம். ஒரு தண்டல் தப்பு செய்தால் ஒரு வெளி கெடும். எல்லாத் தண்டல்களும் ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே சீட்டை ஒரே நிமிடத்தில் படிப்பவர்களாக இருந்தால்? 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, மலேசிய நேரம் நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு முகவர்களுக்கு ஒரு தரவுக் கோப்பை அனுப்பியது. கோப்பின் வடிவம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. முகவர் நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போய் முகவர் விழுந்தது. அது இயங்குதளத்தின் அடிமடியில் உட்கார்ந்திருந்ததால் விண்டோஸும் கூடவே விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. கே.எல்.ஐ.ஏ.வில் ஏர்ஆசியா பயணிகளைக் கையால் பதிய வேண்டி வந்தது. மலேசியாவில் ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ சொன்னார். இழப்பை ஈடுசெய்வது பற்றி யோசிக்குமாறு மைக்ரோசாஃப்டையும் கிரவுட்ஸ்டிரைக்கையும் கேட்டுக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. முகவர் நிரலின் புதிய பதிப்பை ஒரு படி தள்ளி வாங்கிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வழி இருந்தது. தரவுக் கோப்புக்கு அந்த வழி இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. முகவர் ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதிகாரம் பரவலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பரவியது உடம்பு, தலை ஓரிடத்தில்தான் இருந்தது. டோல் சாவடியை எடுத்துவிட்டு, எல்லா வண்டியின் பிரேக்கையும் ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி.

மூன்றாவது பாடம் என் சொந்தச் செலவில் வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. பத்து நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் விழுந்து எழும் இணைப்பை மூடிவிடும் சிறு முகவர் ஒன்றை நான் எழுதினேன். ஆடும் இணைப்பு வலை முழுவதையும் ஆட்டும் என்பதால் அது நியாயமான விதி. கிரிக்கில் இருந்த ஒரு கிளையில், மழை நாள் மாலை, இணைப்பு ஆடத் தொடங்கியது. முகவர் அதை மூடியது. அந்தக் கிளைக்கு இருந்தது அந்த ஓர் இணைப்புதான். திற என்று நான் ஈப்போவிலிருந்து சொன்னால், அந்த உத்தரவு போக வேண்டியதும் அதே வழி. உட்கார்ந்த கொம்பை வெட்டியாயிற்று. மடிக்கணினியையும் கன்சோல் கேபிளையும் எடுத்துக்கொண்டு இருட்டில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன். போய் அடித்தது இரண்டே சொல்: 'நோ ஷட்டவுன்'. திரும்பி வரும்போது விடிகாலை ஆகிவிட்டது.

பெரிய இடத்திலும் இதுவே நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது ஆறுதலாக இல்லை. 2021 அக்டோபர் 4, ஃபேஸ்புக். பராமரிப்பின்போது கொடுத்த ஓர் உத்தரவு அதன் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. தப்பான உத்தரவைத் தடுக்க வேண்டிய தணிக்கை நிரலில் பிழை. அதன் பிறகு நடந்ததுதான் முகவர்களின் கைவேலை. உலகெங்கும் இருந்த அதன் டி.என்.எஸ். வழங்கிகளுக்கு ஒரு விதி: தரவு மையத்தோடு பேச முடியவில்லை என்றால் உனக்கு உடம்பு சரியில்லை என்று பொருள், உன் வழித்தட அறிவிப்பைத் திரும்பப் பெற்று ஒதுங்கிக்கொள். ஒரு வழங்கிக்கு உடம்பு சரியில்லாதபோது அது அருமையான விதி. அன்று எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொண்டன. இணையத்தின் பார்வையில் ஃபேஸ்புக் என்று ஒன்று இல்லாமல் போயிற்று, ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஆட்கள் நேரில் தரவு மையத்துக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டி வந்தது. கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் வலை விழுந்து ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தபோது, நிர்வாக வலையும் விழுந்த வலையின் மேலேயே நின்றிருந்தது. எல்லாம் கிரிக் கதைதான். வண்டி ஓட்டும் தூரம்தான் வேறு.

சிக்கனம் என்ற வாதத்துக்கு வருவோம். முகவர் விற்பவர்கள் தலைப்பில் எப்போதும் அதைத்தான் போடுவார்கள். பெரிய வலையில் திறன் கூடியதற்கு எனக்குத் தெரிந்த திடமான சான்று 2013இல் கூகுள் வெளியிட்ட பி4 கட்டுரை. அதன் தரவு மையங்களை இணைக்கும் நெடுந்தொலைவு வலையில் இணைப்புகள் நீண்டகால சராசரியில் 70 விழுக்காடு நிறைந்து ஓடின. பல இணைப்புகள் 100ஐ நெருங்கின. வழக்கமான முறையைவிட இரண்டு மூன்று மடங்கு. அது எப்படி வந்தது? முகவர்களுக்கு மூளை கொடுத்து வரவில்லை. பாதை போடும் மூளையைச் சுவிட்சுகளிலிருந்து பிடுங்கி நடுவில் வைத்து, சுவிட்சில் சொன்னதைச் செய்யும் சிறு முகவரை மட்டும் விட்டு வைத்ததால் வந்தது. முழு வலையையும் ஒரே பார்வையில் பார்ப்பவனால்தான் எந்தக் கம்பியில் இடம் காலி என்று சொல்ல முடியும். முகவர்களால் நேரம் மிச்சம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆள் மிச்சம் என்றாலும் சரி. வலையின் கொள்ளளவு மிச்சம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

இனி இன்றைய சரக்கு. பெருமொழி மாதிரியை மூளையாக வைத்த முகவர்கள். தொலைத்தொடர்புத் துறையின் கூட்டமைப்பான டி.எம். ஃபோரம் 2019இல் தன்னாட்சி வலைகளுக்கு 0 முதல் 5 வரை படிநிலை வகுத்தது. இப்போது எல்லாரும் நான்காம் படியைக் காட்டி விற்கிறார்கள். இந்த முகவர்களால் பயன் இல்லை என்று சொன்னால் அது பொய். நள்ளிரவில் நாலாயிரம் எச்சரிக்கை வரிகளைப் படித்து, 'எல்லாவற்றுக்கும் மூலம் இந்த ஒரு சுவிட்சாக இருக்கலாம்' என்று சொல்வதில் அது என்னைவிட வேகம். என் கண் சோர்கிறது, அதன் கண் சோரவில்லை. செய்ய வேண்டிய மாற்றத்தை எழுதி நீட்டினால் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். தயங்காமல் வாங்கலாம்.

கை கொடுக்கும்போது ஒரு சங்கடம் இருக்கிறது, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. இந்த முகவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. பழைய நிரல் மில்லிநொடியில் முடிவெடுக்கும்; இது வலையின் நிலையைப் படித்து, சிந்தித்து, இன்னொரு கருவியைக் கேட்டு, மறுபடி சிந்தித்து, பல நொடிகள் கழித்து, சில வேளை நிமிடங்கள் கழித்துக் கை வைக்கிறது. அந்த இடைவெளியில் வலை மாறிவிடுகிறது. தீபாவளியன்று ஏட்டைக் காலி செய்தது, பார்த்ததற்கும் செய்ததற்கும் இடையே விழுந்த அந்த இடைவெளிதான். புத்தி கூடக் கூட அந்த இடைவெளி அகலமாகிறது. புத்திசாலித் தண்டல், பையில் நேற்றைய சீட்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. பெரிய வலைக்கு முகவர் வேண்டும், தங்கும் முகவராக. கண் எங்கும் கொடுக்கலாம். கை கொடுப்பதற்கு அதன் சாமர்த்தியத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது. படிநிலை மூன்றா நான்கா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தப்பினால் ஒரு நிரையோடு நிற்குமா, தோட்டம் முழுவதும் போகுமா என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நிரையோடு நிற்கும் என்றால் இன்றே கொடுங்கள், மனிதனை நடுவில் நிறுத்தித் தாமதப்படுத்தாதீர்கள். தோட்டம் முழுவதும் போகும் என்றால், எத்தனை புத்திசாலியாக இருந்தாலும் அது எழுதி நீட்டட்டும், மனிதர் பார்த்து, ஒரு கிளையில் செய்து, பொறுத்திருந்து, பிறகு அடுத்ததற்குப் போகட்டும். இது மெதுவான வழி என்பது உண்மை. கிரிக்குக்குப் போய் வரும் நேரத்தை விடக் குறைவுதான்.

மருத்துவமனையிலும் வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் மாநகர் மன்றத்திலும் கணினிப் பிரிவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் யாராவது முகவர் விற்க வந்தால், படம் காட்டி முடிக்கும் வரை பொறுமையாக இருங்கள். பிறகு கேளுங்கள்: உங்கள் முகவர் கை வைக்கும் நொடியில் தன் உத்தரவு இன்னும் செல்லுமா என்று மறுபடி பார்க்கிறதா? ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கருவியைத் தொடும்? அது எங்கள் வலையை மூடிவிட்டால் நாங்கள் எந்த வழியாக உள்ளே வருவது? பதிலை எழுத்தில் வாங்குங்கள், தேதியோடு.